கிளை அலுவலகமும் கையெழுத்தும்

(எங்கள் கிளைக் கூட்டத்தில், வழக்கறிஞரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"வக்கீல் தொழிலுக்கு பாங்க் மாதிரி கிளைகள் எதற்கு?" என்று நம் செயலாளர் மாமா கேட்டார். அதையே இன்று பேசும்படி பணித்துவிட்டார். புத்தக விஷயத்தை விட என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வர்த்தகச் சட்ட நிறுவனத்தின் அகமதாபாத் கிளையைப் பல வருஷங்கள் நடத்தினேன். முன்பெல்லாம் இத்தகைய நிறுவனங்கள் பெரிதாக வளர வழியில்லை. 1956-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி 20 பங்குதாரர்களுக்கு மேல் சேரக்கூடாது. 2008-இல் எல்.எல்.பி. சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. ஆனால் வக்கீல்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதிகள் இன்றும் அனுமதிப்பதில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் வரவேண்டும், அதுதான் வளர்ச்சி.

2016 ஜூனில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அமைந்தது. அகமதாபாத்துக்கும் ஓர் அமர்வு கிடைத்தது. அதே வருஷம் புதிய திவால் சட்டமும் அமலுக்கு வந்தது. அப்போது ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கே ஒரு கம்பெனி மீது மனுப் போடலாம். 2020 மார்ச்சில்தான் அது ஒரு கோடியானது. வேலை குவியும் என்று கணக்குப் போட்டு, "ஐந்து பேர் இருக்கும் கிளை மூன்று வருஷத்தில் இருபத்தைந்து ஆகவேண்டும்" என்றது மும்பை. எனக்கும் ஆசைதான்.

2017 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, வட்வாவில் ரசாயனத் தொழிற்சாலை நடத்தும் ஒரு குடும்பத்துக்கு திவால் நோட்டீஸ் வந்தது. பத்து நாளில் பதில் சொல்லவேண்டும். மனு ஏற்கப்பட்டால் நிர்வாகமே கைமாறிவிடும். மூன்று தலைமுறைச் சொத்து. குஜராத்தில் தீபாவளிக்குப் பூட்டிய கடையை லாப் பாஞ்சம் அன்றுதான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சரக்கு மட்டம் என்று அவர்கள் முன்பே எழுதிய கடிதங்களை அன்றே வாங்கி, இரண்டே நாளில் பதிலைத் தயார் செய்துவிட்டேன்.

ஆனால் மும்பைப் பங்குதாரர் பார்க்காமல் எந்தக் கடிதமும் போகக்கூடாது என்பது எங்கள் விதி. அவர் விடுமுறையில் இருந்தார். திரும்பி வந்து, டைரக்டரின் கையெழுத்து வேண்டும் என்றார். டைரக்டரோ அன்னகூட தரிசனத்துக்கு நாத்துவாரா போயிருந்தார். பதில் பதினான்காம் நாள்தான் போயிற்று. அதற்குள் மனு தாக்கலாகிவிட்டது.

நோட்டீசுக்கு முன்பே தகராறு இருந்ததற்கு அந்தப் பழைய கடிதங்கள் சாட்சி சொன்னதால் தொழிற்சாலை பிழைத்தது. கட்சிக்காரர்தான் எங்களை விட்டுப் போனார். "உங்கள் மேல் குறையில்லை, சாஹேப். ஆனால் மும்பையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவரிடம் அவசரத்துக்கு எப்படி வருவது?" என்றார்.

விதியைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு திட்டு வாங்கியிருக்கலாம். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த சமயம்; துணியவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

பிறகு மும்பைக்குப் போய் வாதாடினேன். கெடு உள்ள கடிதங்களில் கிளையே கையெழுத்திடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அங்கிருந்து ஆள் அனுப்பாமல், உள்ளூர் வக்கீல்கள் இருவரைப் பங்குதாரர் ஆக்கினோம். கட்சிக்காரரோடு குஜராத்தியில் பேசி, அவருடைய ஆடிட்டரையும் அறிந்தவர்கள் அவர்கள். அந்த ஆடிட்டர்களே மெல்ல மெல்லப் புதியவர்களை அனுப்பினார்கள். இருபத்தைந்து ஆகவில்லை, நான் விலகும்போது பதினொரு பேர். ஆனால் பதினொருவருக்கும் முழு வேலை இருந்தது.

நம் குழந்தைகள் பலர் சட்டம் படித்து, வெவ்வேறு ஊர்களில் இத்தகைய கிளைகளில் சேருகிறார்கள். நேர்முகத் தேர்வில், "இந்தக் கிளை எவ்வளவு பெரிதாகப் போகிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இங்கே கையெழுத்துப் போடுவது யார்?" என்றும் கேளுங்கள். மாமா கேட்டதற்கும் என் பதில் அதிலேயே இருக்கிறது.