அடுப்படிக்கு வராத விஞ்ஞானம்



ஏழை தேசத்துக்கு ஆராய்ச்சி எதற்கு, மேல்நாட்டார் கண்டுபிடித்து முடித்ததை விலை கொடுத்து வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் கற்றறிந்தவர்களிலேயே ஏராளம். ஆராய்ச்சி வேண்டும்தான், ஆனால் அது அணுவையும் அண்டத்தையும் பற்றியதாக இருக்க வேண்டுமேயன்றி அடுப்பையும் சாணத்தையும் செங்கல்லையும் பற்றியதாக இருப்பது விஞ்ஞானத்துக்கே இழுக்கு என்று கருதுபவர்களும் அவர்களுக்குக் குறைவில்லாமல் இருக்கிறார்கள். இவ்விரு கட்சியாரும் தங்களை எதிரெதிரானவர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். நம் ஜனங்களின் அன்றாட வாழ்வில் ஆராய்வதற்குரிய விஷயம் ஒன்றுமில்லை என்று தீர்மானித்துவிட்ட அளவில் இருவரும் ஒரே கட்சிதான். அந்தத் தீர்மானத்தை மறுக்கவே இம்மேடைக்கு வந்திருக்கிறேன்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ஆம் ஆண்டு, விஞ்ஞானத்தைக் கிராமங்களுக்குப் பிரயோகிப்பதற்கென்றே 'அஸ்த்ரா' என்றோர் அமைப்பு தோன்றியது. அதைத் தொடங்கிய அமுல்ய ரெட்டி, வேறு துறையில் பேர் வாங்க முடியாமல் கிராமத்துப் பக்கம் ஒதுங்கியவர் அல்லர். பாக்ரிஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதி 1970-ல் வெளிவந்த மின்வேதியியல் நூல் பல தேசத்துச் சர்வகலாசாலைகளில் பாடநூலாக விளங்கியது. அத்தகையவரும் அவருடைய சகாக்களும் கர்நாடகத்துத் தும்கூர் ஜில்லாவில், உங்கரா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் முதலில் எந்த யந்திரத்தையும் நிறுவவில்லை. அளந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு விறகு எரிகிறது, அது எந்தக் காட்டிலிருந்து யார் தலைமேல் வருகிறது, குடத்தைத் தூக்கிக்கொண்டு யார் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையெல்லாம் வீடு வீடாகக் கேட்டும் எடை போட்டும் கணக்கெடுத்தார்கள்.

அந்தக் கணக்கு சொன்னது என்ன? கிராமத்தில் செலவாகும் சக்தியில் மிகப் பெரும்பகுதி விறகு. அந்த விறகில் பெரும்பகுதி சோறாக்குவதற்கு. மனித உழைப்பிலோ ஆண்களின் பங்கைவிடப் பெண்களின் பங்கே அதிகம். தலைநகரத்தில் சக்தித் திட்டம் வகுத்தவர்களுக்கு நிலக்கரி தெரியும், பெட்ரோலியம் தெரியும், நீர்மின்சாரம் தெரியும்; ஒரு தாய் சுள்ளி பொறுக்க நடந்த நடை மட்டும் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. தாய்மார்களே, உங்கள் உழைப்பைக் கணக்கில் கொள்ளாத தேசம் உங்கள் சிரமத்தைத் தீர்க்கும் திட்டத்தை எங்ஙனம் தீட்டும்?

அந்தக் கிராமங்களில் ஒன்று புரா. அங்கே ஊருக்குப் பொதுவாகச் சாண எரிவாயுக் கலம் ஒன்று கட்டி, வீடுதோறும் சமையலுக்கு வாயு தருவதென்று ஆரம்பித்தார்கள். அந்த நோக்கம் பலிக்கவில்லை. ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயுதான் கிடைக்கும். ஊரிலுள்ள மாடுகள் அத்தனையின் சாணமும் ஊர்ச் சமையல் முழுவதுக்கும் போதவில்லை. நம் ஊர்களில் இத்தகைய தருணத்தில்தான் கலம் துருப்பிடிக்கும், அறிக்கை அச்சாகும். அவர்களோ ஜனங்களிடம் திரும்பிப் போனார்கள். ஜனங்கள் வேண்டியது நல்ல தண்ணீர். 1987 முதல் அதே வாயுவை டீசல் எஞ்சினில் கலந்து எரித்து, ஆழ்துளைக் கிணற்றுநீரைக் குழாயில் ஏற்றவும் வீடுகளுக்கு விளக்கெரிக்கவும் பயன்படுத்தினார்கள். சாணம் கொண்டுவந்தவருக்குச் சிறு கூலி. வாயு எடுத்த பின் மிஞ்சும் குழம்பு அவரவர் வயலுக்கு உரமாகத் திரும்பிற்று. எஞ்சினை ஓட்டியவர்கள் அவ்வூர் இளைஞர்களே. தோற்ற பரிசோதனையிலிருந்து ஊரார் வாயாலேயே அடுத்த கேள்வியைப் பெற்ற இந்தச் செயலை விஞ்ஞானம் என்று ஒப்புக்கொள்ளாதவர், விஞ்ஞானம் என்று எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கிறேன்.

அதே கழகத்தில் மூன்று பாத்திரம் வைக்கும் மண் அடுப்பொன்றை உருவாக்கினார்கள். வாயில் சிறியது, உள்ளே புகும் காற்றுக்கு அளவுண்டு, புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். பேராசிரியர் ஜகதீஷும் அவரைச் சார்ந்தோரும் சூளையே வேண்டாத கட்டுமானக் கல்லை ஆராய்ந்தார்கள்: மண்ணில் களிமிகுந்தால் மணல் சேர்த்து, நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் அழுத்துயந்திரத்தில் இறுக்கி, சில வாரம் நீர் தெளித்து ஆறவைத்தால் சுவர் எழுப்பத் தக்க கல் கிடைக்கிறது. செங்கற்சூளை தின்னும் விறகு அவ்வளவும் மிச்சம்.

எரிவாயு உருளை வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்பார்கள். 2016-ல் வந்த உஜ்வலா திட்டம் பல ஏழை வீடுகளில் உருளையை வைத்தது மெய். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இந்நாட்டில் எரியும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருவது. உலகச் சந்தை ஏறினால் மறு உருளை வாங்க வகையில்லாதவள் திரும்பவும் விறகடுப்பை மூட்டுகிறாள். வாங்கிக்கொண்டால் போதும் என்ற வாதம் அவள் அடுப்படியில் தோற்றுப்போகிறது.

அளக்கும் புத்தி கல்லூரியில் திடீரென்று முளைப்பதில்லை. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில், பரிசோதனை செய்தே விஞ்ஞானம் கற்கும் முறை தொடங்கியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் கிராமத்து வாத்தியார்களோடு ஒன்றாக உட்கார்ந்து பாடம் அமைத்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பரீட்சை எழுதினார்கள். சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார்கள். 30 ஆண்டு நடந்து, பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அந்த ஏற்பாட்டை 2002-ல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. கேள்வி கேட்கப் பழகிய குழந்தைகளை அந்த முறையிலிருந்து பறித்ததை அநீதி என்றே சொல்வேன்.

ஆகவே இந்தப் பொறியியல் கல்லூரியை நடத்தும் நிர்வாகிகளை இச்சபையறியக் கேட்கிறேன். ஒரு கிராமத்தின் ஓராண்டு விறகுக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் பிழையில்லாமல் எடுத்துவரும் மாணவருக்கும், சர்வதேசச் சஞ்சிகையில் கட்டுரை வெளியிடும் மாணவருக்கும் சமமான மதிப்பெண் கொடுக்க இந்த ஆண்டே விதி செய்யுங்கள். ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் அதையே விதியாக்குங்கள்.