ஈரத்தின் மேல் எண்ணெய்

வேலை மாற்றலாகி இராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் தோல் மருத்துவரான என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இங்கே சுற்றிலும் கடல். உடம்பெல்லாம் கசகசவென்று வேர்க்கிறது. அப்புறம் எப்படித் தோல் மட்டும் வறண்டு போய், நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது?"

நியாயமான கேள்வி. காற்றில் இருக்கிற ஈரம் வேறு, தோலுக்குள் இருக்கிற ஈரம் வேறு. நம் தோலின் மேல் அடுக்கு உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த மெல்லிய அடுக்கில் தண்ணீரைப் பிடித்துவைக்கிற சில பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன: அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலம். அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் செல்களுக்கு இடையில் கொழுப்பு அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டில் எது குறைந்தாலும் தோல் வறண்டுவிடும். நம் கடற்கரையில் இரண்டுமே குறைகின்றன. நெடுநேரம் தண்ணீரில் ஊறும்போது நீரைப் பிடிக்கும் பொருட்கள் கரைந்து வெளியேறுகின்றன. கரையேறியதும் வெயிலிலும் கச்சான் காற்றிலும் உடம்பு காய்கிறது, உப்பு தோல்மேலேயே பூத்து நிற்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பிறகு வீட்டுக்கு வந்து குளிக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ உவர்ப்பு. அதில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். சோப்பும் கடினநீரும் சேர்ந்து உண்டாகிற படிவு தோலில் ஒட்டிக்கொள்ள, மிச்சம் இருந்த கொழுப்பும் சோப்போடு போய்விடுகிறது.

இராமேசுவரத்துக்கு யாத்திரை வருகிறவர்கள் அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீராடுகிறார்கள் அல்லவா? பக்தியோடு செய்கிற அந்தக் காரியத்தில் தோலுக்கும் ஒரு நன்மை இருக்கிறது. கடல் உப்பு உடம்பிலேயே காய்ந்து நிற்காமல் கிணற்று நீரில் அலசிப் போய்விடுகிறது. ஈர உடையோடு தங்கும் விடுதிக்குப் போகிறவர்கள் துடைத்த கையோடு கை கால்களுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அரிப்பு என்று மருத்துவரைத் தேடவேண்டி இருக்காது.

ஆனால் கடலே பிழைப்பாக இருக்கிறவர்களுக்கு 22 கிணறுகள் ஏது? பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுகப் பாசி எடுக்கிற பெண்களைச் சொல்கிறேன். மருத்துவ முகாம்களில் அவர்கள் கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வறண்ட தோலைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், கடல் வற்றுகிற நேரம் பார்த்து வள்ளத்தில் போகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு. விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்த்து எடுக்கிறார்கள். மணிக்கணக்காகத் தண்ணீரிலேயே வேலை.

அப்படிப்பட்ட ஒரு அக்காவின் கையை முகாமில் பிடித்துப் பார்த்தேன். துணி கட்டியிருந்த இடம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. துணிக்குக் கீழே, விரல் மடங்குகிற ஒவ்வொரு ரேகையிலும் வெடிப்பு. கட்டைவிரல் ஓரத்தில் பவளப்பாறை கீறிய தழும்புகள், புதியதும் பழையதுமாக. "எப்போதிருந்து அக்கா?" என்று கேட்டேன். "கடல்ல கெடக்குறவளுக்குக் கை வெடிக்காம என்ன செய்யும் டாக்டரம்மா? சோறு பெசஞ்சா எரியும், அம்புட்டுதான்" என்றார். எண்ணெய் தடவுவீர்களா என்றேன். தடவுகிறாராம், ராத்திரி படுக்கும்போது. நல்ல பழக்கம். ஆனால் அதற்குள் கை காய்ந்து எத்தனையோ மணி நேரம் ஆகியிருக்கிறது. காய்ந்த தோலில் தடவுகிற எண்ணெய் வழவழப்பைத் தரும், ஈரத்தைத் தராது. எண்ணெயில் தண்ணீர் கிடையாது. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் காப்பதுதான் அதன் வேலை.

நேயர்களே, இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் காய்வதற்குள் எண்ணெய். குளித்தவுடன், கை கழுவியவுடன், துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும். உள்ளங்கையிலும் பாதத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அந்த இடங்கள்தான் முதலில் வெடிக்கும், அங்கேதான் முதலில் எண்ணெய் படவேண்டும்.

குளிப்பதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊர் நம் ஊர், எனக்குத் தெரியாதா? அதற்காகத்தான் சொல்கிறேன், முழுக்குளியல் வேண்டாம். கரையேறியதும் ஒரு செம்பு நல்ல தண்ணீரை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், இன்னொரு செம்பைக் கால்களுக்கும் ஊற்றிக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு, இரண்டு கைக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி எண்ணெய். அந்த அக்காவுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். அடுத்த முகாமுக்கு அவர் தன் வள்ளத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். சோறு பிசையும்போது எரியவில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையை விரித்துக் காட்டினார், அதுவே போதுமாக இருந்தது.

இப்போது அவர்கள் எடுக்கிற பாசிக்கு வருகிறேன். இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று நம் பெண்கள் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகார் வருகிறது. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். 1990களில் மண்டபம் கடலில் வளர்த்துப் பார்த்து, பிறகு மூங்கில் மிதவைகளில் பரவிய கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கராஜீனன். மண்டபம் முகாமில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இந்தப் பாசிகளைத்தான் ஆராய்ந்து வருகிறது. பற்பசையில், முகத்துக்குப் பூசும் கிரீமில், கை கால்களுக்கான லோஷனில், நீர் கசிகிற புண்ணுக்குப் போடும் கட்டுத்துணியில், எல்லாவற்றிலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இருக்க வாய்ப்புண்டு.

தண்ணீரைப் பிடித்துவைக்கிற குணம் பாசிக்கு எப்படி வந்தது? ஆழம் குறைந்த பாறையில் ஒட்டி வாழ்கிற பாசி, கடல் வற்றும்போது வெயிலிலும் காற்றிலும் அகப்பட்டுக்கொள்கிறது. ஓடி ஒளிய அதற்குக் கால் இல்லை. தன் செல்சுவரில் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலிகளை அது கட்டிவைத்திருக்கிறது. கடல் திரும்ப ஏறுகிற வரைக்கும் காய்ந்துவிடாமல் தாக்குப்பிடிக்க அவை உதவுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கீழக்கரைப் பக்கம் நோன்புக் காலத்தில் ஒரு வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். பாத்திமாக்களும் ஆயிஷாக்களும் கேட்டுக்கொண்டிருந்தால் சிரித்துக்கொள்வீர்கள், உங்களுக்கு இது தினசரி வேலை. வெள்ளை இழையாகக் கடையில் கிடைக்கிற கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்துக் கரைத்து, சீனியும் பாலும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், ஆறியதும் கத்தியால் வில்லை போடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை அப்படி நிறுத்திவைக்கப் பத்துக் கிராம் அகார் போதும். உறைந்த பிறகு மேசையில் வைத்தாலும் உருகாது. மறுபடி உருக வேண்டுமென்றால் ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும். தன் எடையைப் போல நூறு மடங்கு தண்ணீரை ஓடவிடாமல் வைத்திருக்கிற பொருள் அது. கஞ்சிப்பாசியும் அப்படித்தான், காய்ச்சினால் கஞ்சியாகக் கெட்டிப்படும்.

அப்படியானால் கரையில் ஒதுங்குகிற பாசியை அரைத்து முகத்தில் பூசலாமா என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டார். வேண்டாம் அம்மா. கரையில் கிடப்பது மணலும் சிப்பித் துகளும் அழுகலும் கலந்தது, தோலைக் கீறும். பாறையில் இருப்பதைப் பிடுங்கவும் போகாதீர்கள், அது மீன் குஞ்சுகளின் இடம், நம் பெண்களின் பிழைப்பு. சின்னப்பாலத்து லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணி, இந்தத் தொழிலையும் பாசியையும் சேர்த்துக் காக்கப் பெண்களை ஒன்றுதிரட்டியதற்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது பெற்றார். அடியோடு பிய்க்காமல், திரும்ப வளர விட்டு எடுப்பவர்கள் அவர்கள். இன்னொன்று, பாசிக் கூழை மட்டும் தோலில் பூசினால் அதுவும் காற்றில் காய்ந்து இழுத்துப் பிடிக்கும். கிரீம் செய்கிறவர்கள் அதோடு எண்ணெயையும் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களும் கடைசியில் ஈரத்தின் மேல் எண்ணெய்க்குத்தான் வருகிறார்கள்.

சரி, எந்த எண்ணெய்? உச்சிப்புளியிலும் தங்கச்சிமடத்திலும் தென்னை வைத்திருக்கிறவர்களிடம் நான் வேறு எண்ணெயைச் சொன்னால் நன்றாக இருக்குமா? தேங்காய் எண்ணெயே போதும். 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய், மற்றவர்களுக்கு மினரல் ஆயில். தினம் இருமுறை, இரண்டு வாரம். இரண்டுமே தோலின் ஈரத்தை ஒரேபோலக் கூட்டின. முகப்பரு வருகிற பிள்ளைகள் மட்டும் முகத்தில் தடவாதீர்கள், துளைகளை அடைக்கும். நல்லெண்ணெயும் நல்லதுதான். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் சீயக்காயோ சோப்போ போட்டு அத்தனையையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். குளித்து முடித்தபின் சில சொட்டுகளை மறுபடி தடவுங்கள்.

கற்றாழையை வெட்டியதும் செங்குத்தாக நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிடுங்கள், அதுதான் அரிப்பைத் தருவது. பிறகு சோற்றை அலசி, முழங்கை மடிப்பில் ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போகலாம். அதுவும் நீர்தான், மேலே எண்ணெய் வேண்டும். தேன் ஈரத்தை இழுக்கும், பிசுபிசுப்பைப் பொறுக்கிறவர்கள் பூசிக் கழுவலாம். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிற கிளிசரினைத் தண்ணீர் கலந்து தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லியை இயற்கை இல்லை என்று ஒதுக்காதீர்கள், குதிகால் வெடிப்புக்கு அது நன்றாக வேலை செய்கிறது. கடலை மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சை, சமையல் சோடா இவை வறண்ட தோலுக்கு ஆகாது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்கிறவர்கள், முண்டு மிளகாய் காம்பு கிள்ளுகிறவர்கள், வேலைக்கு முன்பே ஒருமுறை எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், வேலை முடிந்து கழுவியபின் இன்னொருமுறை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். காலில் வெடிப்பு இருந்து, அதில் இரத்தமோ சீழோ வலியில்லாத புண்ணோ தெரிந்தால் எண்ணெயோடு நிற்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வட்ட வட்டமாகச் செதில் உரிந்து அரித்தாலும் அது வெறும் வறட்சி இல்லை, படையாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நல்ல தண்ணீரில் அலசு, ஒற்றித் துடை, ஈரம் காய்வதற்குள் எண்ணெய், அவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பாசி வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாசி நிறுக்கிற இடத்தில், தராசுக்குப் பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் வையுங்கள். மூட்டையை இறக்கியதும் அந்தப் பெண்கள் கையை அலசித் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். பெரிய செலவில்லை, இந்த அமாவாசைக்கே தொடங்கலாம்.