பார்த்து வரைவோம்: சாஃப்ட் பேஸ்டலில் நிலக்காட்சி

(ஆசிரியர்களுக்கான ஓவியப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்று எந்த வகுப்பில் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வருகிறது. முக்கோணமாய் இரண்டு மலை, நடுவே உதிக்கும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்வெளியில் மலையே கண்ணில் படாது. அங்குள்ள பிள்ளையும் இதையே வரைகிறது. தென்காசியில் மலை உண்டு. ஆனால் அது மேற்கே இருக்கிறது. அந்த மலைக்குப் பின்னால் சூரியன் மறையும், உதிக்காது. பிள்ளைகள் தம் ஊரைப் பார்க்காமல், எங்கோ பார்த்த படத்தையே திரும்ப வரைகிறார்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற சாஃப்ட் பேஸ்டல் நல்ல துணை.

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஆயில் பேஸ்டலில் எண்ணெயும் மெழுகும் இருக்கும். சாஃப்ட் பேஸ்டல் வேறு. நிறமிப் பொடியோடு சுண்ணம் போன்ற வெண்பொடியும் மிகக் குறைந்த பிசினும் சேர்த்துச் செய்த குச்சி அது. பிசின் குறைவு என்பதால் தொட்டாலே பொடி தாளில் படியும். மெல்லிய, கூர்மையான கோடு இதில் எளிதில் வராது. எனவே ஓரக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்பும் வழக்கம் தானாகவே குறையும். குச்சியைப் படுக்கவைத்து, பரப்பாகத் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்க்க வேண்டுமானால் எது இருட்டு, எது வெளிச்சம், எது அருகில், எது தொலைவில் என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

தாளைப் பற்றி. வழவழப்பான தாளில் பொடி நிற்காது, சொரசொரப்பு வேண்டும். பேஸ்டலுக்கென்றே உள்ள தாள் விலை கூடுதல். வகுப்புக்குக் கைத்தயாரிப்புத் தாளோ, நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளின் பளபளப்பில்லாத பக்கமோ போதும். ஆசிரியர்கள் தாம் வரைந்து பழக நயமான உப்புத்தாளைப் பயன்படுத்தலாம். விரலால் மட்டும் தேய்க்காதீர்கள், தோல் உரியும். வெள்ளைத் தாளைவிட நிறமுள்ள தாள் நல்லது. பழுப்போ சாம்பலோ நடுத்தர வெளிச்சமாக நின்றுவிடும். அதைவிட இருண்டதையும் வெளுத்ததையும் சேர்த்தால் காட்சி எழும். செம்மண் நிலத்துக்குப் பழுப்புத் தாளே பாதி வேலையைச் செய்துவிடும்.

இனி வரையும் முறை.

முதலில் கரிக்குச்சியால் மூன்று நான்கு பெரிய பகுதிகளை மட்டும் குறியுங்கள்: வானம், தொலைவு, தரை, மரக்கூட்டம். இலையும் ஓடும் பிறகு.

அடுத்து, இருண்ட இடங்களை முதலில் போடுங்கள். பிறகு நடுத்தரம். வெளிச்சம் கடைசியில். பகல் காட்சியில் பெரும்பாலும் வானம் மிக வெளிச்சமாகவும், தரை அடுத்ததாகவும், நிமிர்ந்து நிற்கும் மரம் இருண்டும் தெரியும். தெளிந்த வானம் உச்சியில் அடர்ந்தும் தொடுவானத்தருகே வெளுத்தும் இருக்கும். தொலைவு கூடக் கூட, இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் மலையும் மரமும் வெளுத்து நீலமாகும். அறிவியல் ஆசிரியர்கள் ஒளிச்சிதறலை இங்கிருந்தே தொடங்கலாம்.

தண்ணீர் வண்ணம்போல் இதைத் தட்டில் கலக்க முடியாது. தாளின் மேல் அடுக்கித்தான் கலக்க வேண்டும். மரத்துக்கு நேரடியாகப் பச்சை வேண்டாம். கரும்பழுப்போ ஊதாவோ அடியில் போட்டு, மேலே பச்சையை இலேசாக இழுத்தால் நிழல் இலைகளுக்கிடையே தானே தெரியும். தொடக்கத்தில் அழுத்தாதீர்கள். தாளின் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது. வானத்தை விரலால் மெல்ல இழைக்கலாம். எல்லா இடத்தையும் இழைத்தால் படம் மங்கிவிடும்.

தூசி விஷயத்தில் கவனம் தேவை. பொடியை வாயால் ஊதக் கூடாது; வெளியே கொண்டுபோய்த் தாளைச் சாய்த்துத் தட்ட வேண்டும். நச்சற்றது என்று குறிப்பிட்ட பெட்டியையே வாங்குங்கள். மதிய உணவுக்கு முன் கை கழுவுவது கட்டாயம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அன்று க்ரேயான் கொடுங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். படம் கலையாதிருக்க மேலே பட்டர் பேப்பர் வைத்துப் படுக்கையாக அடுக்கினால் போதும். பொடியை நிலைநிறுத்தும் ஸ்ப்ரே அடித்தால் நிறம் சற்றுக் கருக்கும். அதை ஆசிரியரே, திறந்தவெளியில் அடிக்க வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் யூஜின் பூதேன் கடற்கரை வானத்தைப் பேஸ்டலில் திரும்பத் திரும்ப வரைந்தவர். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவர் தேதி, நேரம், காற்று ஆகியவற்றைக் குறித்திருந்ததைக் கவிஞர் போதலேர் 1859இல் எழுதிய ஓவிய விமர்சனத்தில் எடுத்துச் சொல்கிறார். இதை நம் வகுப்பிலும் செய்யலாம். பள்ளிக்கு அருகிலுள்ள ஒரே கண்மாயைக் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வரையச் சொல்லுங்கள். படத்தின் பின்புறம் நாள், நேரம், பார்த்த திசை மூன்றையும் எழுதட்டும்.

மதிப்பெண் இடும்போது சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். 'இது எந்தப் பக்கம்? வெயில் எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளை தன் ஊரைப் பார்த்திருக்கிறது.

பெட்டி வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு ஒரு பெட்டி என்பது பிறகு அமையட்டும். வண்ணச் சாக்பீஸில் நிறமி குறைவுதான். ஆனால் கை அசைவு ஒன்றே. அதைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கரும்பலகையே நிறமுள்ள தாள். நாளைக் காலையே சன்னலுக்கு வெளியே தெரிவதை அதில் வரையச் சொல்லுங்கள்.