கையும் கருத்தும்
(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

தென்முகம் நோக்கி அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியின் திருக்கரத்தை நினைவிற் கொள்ளுங்கள். சுட்டுவிரல் பெருவிரலைத் தொட, ஏனைய மூன்று விரல்களும் விலகி நிற்கின்றன. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களை விட்டு நீங்கிய உயிர் இறைவனைச் சேர்வதே சின்முத்திரையின் பொருள் என்பர் சைவ சித்தாந்திகள். நடராசப் பெருமானின் வலக்கரம் அபயம் தர, இடக்கரம் தூக்கிய திருவடியைச் சுட்டுகின்றது.

முத்திரைகள் முன்னோர் வகுத்து வைத்தவை. ஆனால் பேசும்போது நம்மை அறியாமலே எழும் கையசைவுகளை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. அவை கேட்பவருக்காக மட்டும் எழுவனவா? 1998-ஆம் ஆண்டில் ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் பிறவியிலேயே பார்வையற்ற 12 இளையோரை ஆராய்ந்தனர். பிறர் கையசைவைக் கண்டே அறியாத அவர்களும் கையை அசைத்தே பேசினர். பார்வையற்றோர், எதிரில் இருப்பவரும் பார்வையற்றவராக இருந்தபோதும் கையை அசைத்ததை அவ்வாய்வு காட்டியது. ஆகவே, கை பேச்சுக்கு அணி மட்டுமன்று, சிந்தனைக்கும் துணையாகும்.

2001-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கணக்கை விளக்கும்போது கையை அசைத்தவர்களால், மனத்தில் வைத்திருக்கச் சொன்னவற்றுள் மிகுதியானவற்றை நினைவுகூர முடிந்தது. 2008-இல், சமன்பாட்டின் இரு பக்கங்களையும் கைகளால் காட்டிக் கற்ற பிள்ளைகள், நான்கு வாரங்கள் கழிந்த பின்னரும் கற்றதை மறவாதிருந்தனர். இதை நம் இசையாசிரியர்கள் முன்பே அறிவர். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களைத் தட்டியும் விரல்விட்டு எண்ணியும் வீசியும் போட்ட பின்னரன்றோ மாணவர் நெஞ்சில் தாளம் நிலைக்கிறது?

எனினும், மேடையேறும் பிள்ளையை "கையை ஆட்டாதே, நேராக நில்" என்கிறோம். விரல்விட்டு எண்ணும் பிள்ளையை நகைக்கிறோம். சொல் தடுமாறும் குழந்தையின் கையையும் கட்டிவிட்டால், அதன் கருத்து எவ்வழியே வெளிவரும்?

கைக்கும் பண்பு வேண்டும் என்பது உண்மையே. இந்நாட்டில் ஒருவரைச் சுட்டுவிரலால் சுட்டுவது மரியாதையன்று. மலாய் அன்பர்கள் விரல்களை மடக்கிப் பெருவிரலால் காட்டுவதை நாம் காண்கிறோம். அப்பண்பைக் கற்பிப்போம், அசைவையே தடுக்க வேண்டா.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: பிள்ளைகளின் வாய்ச்சொல்லைக் கேட்கும்போது அவர்தம் கைகளையும் கவனியுங்கள். நாவுக்கு எட்டாத விடை விரலில் தோன்றக்கூடும்.

எல்லோரும் இறையருள் பெற்று இனிது வாழ்க!