மண்டையோட்டிலும் வருணாசிரமமா?

(திருத்தணியில் நடந்த சுயமரியாதைக் கூட்டத்தில் ஒரு தோழர் பேசியது)



பட்டணம் பார்க்கப் போன நம் ஜனங்கள் எழும்பூர் மியூசியத்திற்குச் "செத்த காலேஜ்" என்று பெயர் வைத்தார்கள். ஆனால், யார் செத்தால் அவருடைய எலும்பு மியூசியத்திற்குப் போகும் என்று எவரும் கேட்டதில்லை. அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1885-ல் அந்த மியூசியத்திற்குத் தலைவராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்னும் வெள்ளைக்காரக் கனவான். ஊர் ஊராகச் சென்று ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். அவரே எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள்! அந்தப் பயத்தில் நியாயமுண்டு. இலங்கை வேடர்களின் எலும்புகளை அதே காலத்தில்தான் சராசின் என்னும் இருவர் தோண்டியெடுத்துச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். 2024 அக்டோபரில்கூட இங்கிலாந்தில் ஒரு நாகருடைய மண்டையோடு ஏலத்திற்கு வந்தது. நாகாலாந்தில் கண்டனம் கிளம்பிய பிறகே அது நிறுத்தப்பட்டது.

மூக்கு அகல அகல ஜாதி தாழும் என்று எழுதினார் ரிஸ்லி துரை. 1901 ஜனக்கணக்கிற்கு இவர்தான் கமிஷனர்! மனு சொன்னதை இவர் அளந்து காட்டிவிட்டார். வைதிகர்களுக்கு வேறென்ன வேண்டும்?

எலும்பு பொய் சொல்லுமா என்பார்கள். சொல்லாது. ஆனால் சேர்த்தவன் கணக்கு சொல்லுமே! பார்ப்பனர் பிணத்தை எரிக்கிறார்கள். சாம்பலுக்கு மூக்கேது? புதைக்கிறவன் எலும்பும், கேட்பாரற்றுச் செத்தவன் எலும்பும்தான் அலமாரிக்கு வந்து சேரும். 1985-ல் சர்க்கார் தடுக்கும்வரை கல்கத்தாவிலிருந்து அயல்நாட்டு வைத்தியக் கல்லூரிகளுக்குக் கப்பலேறிய எலும்புக்கூடுகள் பெரும்பாலும் ஏழைகளுடையவையே. பட்டினியில் வளர்ந்த எலும்பு குறுகித்தான் இருக்கும். அதை ஜாதி லட்சணம் என்று சீட்டு எழுதி ஒட்டினால் யோக்கியமா? அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தலையின் வடிவமே பெற்றோரினின்றும் மாறுகிறதென்று 1912-லேயே போவாஸ் என்னும் பண்டிதர் அளந்து காட்டிவிட்டார்.

நம் ஆதிச்சநல்லூர் தாழிகளை 1876-ல் யாகோர் என்னும் ஜெர்மானியர் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்சாந்தர் ரீ தோண்டினார். உடையாமல் தப்பிய சொற்ப மண்டைகளை வைத்துக்கொண்டு, இது ஆஸ்திரேலிய இனம், அது மத்தியதரைக்கடல் இனம் என்றார்கள். நம்மவர்களும் சும்மா இல்லை; "பார், தமிழன் மண்டை!" என்று மார்தட்டுகிறார்கள். மண்டையோடு என்ன பாஷை பேசியதென்று சொல்லுமா? இந்தத் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்திற்கு வந்ததே, அன்று யாருடைய மண்டையாவது மாறிற்றா?

இந்த மலைக்கு வருகிறவர்கள் முடியைத் தாங்களாகவே கொடுக்கிறார்கள். அது அவர்கள் பைத்தியம். எலும்பை அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆகவே தோழர்களே, எந்த மியூசியத்திலாவது கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோட்டைக் கண்டால், இது யாருடையது, யார் எடுத்தது, எவரைக் கேட்டு எடுத்தது என்று அங்குள்ள அதிகாரியைக் கேளுங்கள். சீட்டில் அது இல்லாவிட்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.