சத்தியம் ஒன்றே, அதைச் சோதித்து அறிவது நம் கடமை

(அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)



 

கல்வி உதவித்தொகை பற்றியோ மருத்துவ முகாம் பற்றியோ இன்று நாங்கள் பேசப்போவதில்லை. ஒரு தவறை ஒப்புக்கொள்ளவும், அதிலிருந்து கற்றதைச் சொல்லவும் வந்திருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம் மகனை அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். "இவன் என்னென்னவோ பேசுறான் அண்ணே. போனைப் பிடுங்கி வச்சிட்டேன்" என்றார். பையனைத் தனியே உட்கார வைத்துக் கேட்டோம். "எல்லாருக்கும் பொதுவான உண்மைன்னு ஒண்ணு இல்லை மாமா. அவங்கவங்களுக்கு அவங்கவங்க உண்மை" என்றான். அவன் பார்க்கும் தொடர்களும் கேட்கும் பேச்சுகளும் அப்படித்தான் சொல்கின்றன.

"நீ சொல்ற இந்த வார்த்தையாவது எல்லாருக்கும் உண்மையா, உனக்கு மட்டும்தானா? உனக்கு மட்டும்னா நாங்க ஏன் ஏத்துக்கணும்? எல்லாருக்கும்னா, பொதுவான உண்மை ஒண்ணு இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்டாய்" என்றோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "சரி மாமா, உண்மை ஒண்ணுதான். அப்படின்னா நம்ம குழுவில நீங்க போட்ட அந்த வீடியோ?"

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. நம் மக்கள் எங்கோ தாக்கப்படுவதாக ஒரு வீடியோ வந்தது. மனம் பதறி, விசாரிக்காமல், அறக்கட்டளையின் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தோம். அது வேறொரு நாட்டில், வேறொரு காரணத்துக்காக நடந்த பழைய சம்பவம் என்று மறுநாள் தெரிந்தது. சத்தமில்லாமல் அழித்துவிட்டோம். தவறு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பையன் அதைக் கவனித்திருக்கிறான். சத்தியத்தின் மேல் அவனுக்கு வந்த சந்தேகத்துக்குத் தொடர்கள் மட்டும் காரணம் அல்ல, நாங்களும் காரணம். இந்தச் சபையில் அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

அன்பானவர்களே! நம்மை வருத்தும் பொய்யை மறுப்பது எளிது. நமக்குச் சாதகமான பொய்யை மறுப்பதில்தான் சோதனை இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த இறப்புக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். எந்த மனிதர் இறப்பதாலும் பிறப்பதாலும் சூரிய சந்திர கிரகணம் ஏற்படுவதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று நபி (ஸல்) அவர்கள் உடனே திருத்தினார்கள். மகனை இழந்து கண்ணீர் வடித்த அந்த வேளையிலும், தம் மதிப்பை உயர்த்தக்கூடிய ஒரு தவறான பேச்சை அவர்கள் நிலைக்க விடவில்லை.

ஹதீஸ் கலை இமாம்களும் இந்த வழியில்தான் நடந்தார்கள். ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஒரு செய்தி கிடைத்தால் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது உறுதியா, அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எப்படி என்றெல்லாம் பார்த்தார்கள். நல்ல வணக்கசாலிகளாக இருந்தும், நினைவாற்றல் பலவீனம் என்பதால் பலரது அறிவிப்புகளை அறிஞர்கள் ஏற்கவில்லை. மக்களைக் குர்ஆன் பக்கம் ஈர்க்கும் நல்லெண்ணத்தில் சூராக்களின் சிறப்பு பற்றிச் சிலர் புனைந்தவற்றையும் தள்ளினார்கள். நல்ல நோக்கம் பொய்யை உண்மையாக்காது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இடும் கட்டளை, விரல் நுனியில் செய்தி அனுப்பும் நமக்கும்தான்.

அப்படியானால் பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளின் கருத்துகளை மறுப்பதற்கு முன் அவற்றைப் படித்து முழுமையாக அறிந்துகொண்டார்கள். அவர்களிடம் பிழை இருக்கிறது என்பதற்காக அவர்களின் கணக்கையும் கிரகண விளக்கத்தையும் மறுப்பவன் மார்க்கத்துக்கே கெடுதல் செய்கிறான் என்றும் எச்சரித்தார்கள். போலி நாணயப் பையில் கைவிட்டு நல்ல காசைப் பிரித்தெடுக்க, காசு பார்க்கத் தெரிந்த வணிகரால் முடியும். தெரியாதவரைத் தடுக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் தந்த உவமை. இன்னொன்றும் சொன்னார்கள்: பாம்பாட்டி தன் சிறு பிள்ளையின் முன்னால் பாம்பைத் தொடக் கூடாது, பிள்ளையும் தொட்டுப் பார்க்கும்.

பெற்றோர்களே, இது நமக்கான பாடம். இரவு பத்து மணிவரை நாம் சீரியல் பார்த்துவிட்டு, ரீல்ஸ் பார்க்காதே என்று பிள்ளையிடம் சொன்னால் அது எடுபடாது. சிறு பிள்ளைகளுக்குத் தடுப்பு வேண்டும். வளர்ந்தவர்களுக்குக் காசு பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள்: இந்தப் படம் எதை நல்லது என்கிறது? யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது? இதைப் பார்த்ததில் தொழுகையோ படிப்போ தூக்கமோ போனதா? பதிலை நாம் சொல்ல வேண்டாம், அவர்கள் சொல்லட்டும்.

அறக்கட்டளை சார்பில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். குழுவில் எந்தச் செய்தி போடுவதானாலும் நிர்வாகிகள் இருவர் விசாரித்த பிறகே போடுவோம். தவறாகிவிட்டால் அழித்துவிட்டு மௌனமாக இருக்க மாட்டோம். தவறு என்று அதே குழுவில் எழுதுவோம். நாங்கள் மறந்தால் நினைவூட்டுங்கள். வயதில் சிறியவர் நினைவூட்டினாலும் கோபப்பட மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தகப்பனார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் கேள்விகளோடு அலுவலகத்துக்கு வருகிறான். சிலவற்றுக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆலிம்களிடம் கேட்டுச் சொல்கிறோம். சத்தியம் ஒன்றுதான் என்று நம்புகிறவனுக்குக் கேள்வியைக் கண்டு பயம் எதற்கு?

யா அல்லாஹ்! சத்தியத்தைச் சத்தியமாகக் காட்டி, அதைப் பின்பற்றும் பாக்கியத்தைத் தருவாயாக! அசத்தியத்தை அசத்தியமாகக் காட்டி, அதிலிருந்து எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக! ஆமீன்.