விழித்திரையின் ஓரம்



எனக்கு ஊர் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் உங்களில் பலர் பார்த்ததுதான். வாசலில் நின்று டார்ச் அடித்தால் நடுப்பகுதி தெரியும், மூலை தெரியாது. கண்ணுக்குள் படம் எடுப்பதிலும் இதே தொல்லைதான்.

1880-ல் பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் என்ற டாக்டர் எழுதி வைத்த நோய் ஒன்று. மேல்நாட்டில் அபூர்வம், நம் நாட்டில் அதிகம். சென்னை சங்கர நேத்ராலயாவில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இருபது, முப்பது வயது, திடகாத்திரமான ஆள். சுகர் இல்லை, பிரஷர் இல்லை. விழித்திரை ஓரத்து ரத்தக்குழாய்கள் அழற்சி கண்டு அடைபடும். புதிதாக முளைக்கும் மெல்லிய குழாய்கள் உடைந்து ரத்தம் கசியும். வலியே இருக்காது. கண்ணெதிரே கரும்புள்ளி மிதக்கும், அவ்வளவுதான். "தூக்கம் கெட்டிருக்கும்"னு விட்டுவிடுவோம், இல்லையா?

சாதாரண கேமரா பார்ப்பது 30 முதல் 50 டிகிரி. நோயோ ஓரத்தில்! இங்கேதான் நம்ம ஆட்கள் வேலை. எலிப்ஸுக்கு இரண்டு ஃபோகஸ் என்று படித்தோமே (பரீட்சை முடிந்ததும் மறந்தோம்), அதேதான். எலிப்ஸ் வடிவ ஆடியின் ஒரு ஃபோகஸில் லேசர் கதிரைத் திருப்பும் கருவி. மற்றதில் நோயாளியின் பாப்பா. ஒரே படத்தில் 200 டிகிரி! கையில் ஃப்ளோரசீன் சாயம் ஊசி போட்டு எடுத்தால், கசிகிற இடம் பளிச்சென்று ஒளிரும். அடைபட்ட இடம் இருட்டாகவே கிடக்கும். லேசர் சிகிச்சை எங்கே என்று டாக்டருக்கு அந்தப் படம் சொல்லிவிடும்.

ஹாஸ்டல் தம்பிகளே, புதிதாகப் புள்ளி மிதந்தால் கண்ணாடிக் கடை டெஸ்ட் போதாது. சொட்டு மருந்து போட்டு ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு பைக் வேண்டாம். சில மணி நேரம் மங்கலாகத்தான் இருக்கும்.